தறி வீக்கம் என்று நான் சொன்ன நாள்

போன வாரம் உங்களில் ஒரு பெண் எனக்கு போன் செய்தாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறதாம். "இடுப்பு ஆபரேஷன் பண்ண தாத்தா ஒருத்தர் எழுந்திரிக்கவே மாட்டேங்கிறார் சார். கிட்ட போனாலே திட்டறார்" என்றாள். திட்டட்டும், திட்டுவதற்கு மூச்சு வேண்டும், அந்த மட்டுக்கு நுரையீரல் வேலை செய்கிறது என்று சந்தோஷப்படு என்றேன். சிரித்தாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "நீங்க யாரையாவது எழுப்பக் கூடாத நேரத்துல எழுப்பியிருக்கீங்களா சார்?" என்று கேட்டாள். அதற்கு போனில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுதுவது என்று ஆன பிறகு அவளுக்கு மட்டும் எதற்கு, பிசியோதெரபி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் முப்பத்தோரு வருடம் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். அறை வாசலில் இயன்முறை மருத்துவர் என்று பலகை மாட்டியிருந்தார்கள். வார்டில் ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. 'நடக்க வைக்கிற சார்' என்பார்கள். என் முதுகுக்குப் பின்னால் இன்னொரு பெயர் உண்டு, அதை இங்கே எழுத முடியாது.

வயதானவருக்கு ஆபரேஷன் என்றால் நமக்கு இரண்டு கவலை. படுத்தே கிடந்தால் நுரையீரலின் அடிப்பக்கம் காற்றுப் புகாமல் சுருங்கிச் சளி கட்டும். அது ஒன்று. காலில் ரத்தம் ஓட்டமில்லாமல் தேங்கி உறையும், உறைந்த கட்டி ஒருநாள் இடம்பெயர்ந்து, இதயத்தின் வழியாகப் போய் நுரையீரலின் ரத்தக் குழாயை அடைக்கும். அது இரண்டாவது. மற்றதையெல்லாம் நீங்கள் படித்துத் தேர்வு எழுதிவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். நான் சொல்லப்போவது பாடப்புத்தகத்தில் இல்லாத சங்கதி. என்னைப் பற்றியது.

நான் நெசவாளி வீட்டுப் பிள்ளை. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் அப்போது தறி இல்லாத வீடு கிடையாது. குழித்தறி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தரையில் குழி தோண்டி, அதன் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு காலையும் குழிக்குள் விட்டு, மிதிகட்டைகளை மாற்றி மாற்றி மிதித்து நெய்வார்கள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கால் தொங்கியபடியே இருக்கும். என் அப்பாவுக்கு மாலையில் வலது கால் மட்டும் உப்பிவிடும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக மேலே வரும். அம்மா வெதுவெதுப்பாகத் தைலம் காய்ச்சி முட்டியிலிருந்து பாதம் வரைக்கும் தேய்த்துவிடுவாள். எங்கள் தெருவில் அதற்குத் தறி வீக்கம் என்று பெயர். அதற்காக ஒருவரும் டாக்டரிடம் போனதில்லை.

இந்த அறிவை நான் வார்டில் நன்றாகக் காசாக்கினேன் என்றே சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து வரும் இளம் டாக்டர்கள் ஒரு கால் மட்டும் வீங்கியிருப்பதைப் பார்த்ததும் மிரண்டுபோய் ஸ்கேன் எழுதுவார்கள். நான் பக்கத்தில் போய், "டாக்டர், இவர் தறிக்காரர். இது தறி வீக்கம்" என்பேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் நான் சொன்னதுதான் சரியாக இருக்கும். நாலைந்து தடவை இப்படி ஆனதும் ஸ்கேன் எழுதுவதற்கு முன்பே என்னைக் கேட்க ஆரம்பித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நெசவாளி கால் என்றால் நான் சொல்வதுதான் கடைசித் தீர்ப்பு என்று நானே நினைத்துக்கொண்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு நாலு வருடம் முன்பு கச்சபேசன் என்று ஒருவர் வந்து சேர்ந்தார். எழுபத்தொரு வயது. அப்போதும் தினமும் தறியில் உட்காருகிறவர். மத்தியானம் சாப்பாட்டுக்காகக் குழியிலிருந்து கையூன்றி ஏறும்போது கை வழுக்கிப் பக்கவாட்டில் விழுந்து, இடது இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. முறிந்த பகுதியை எடுத்துவிட்டு உலோகத்தில் பந்து மூட்டு வைத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

மறுநாள் காலை மூச்சுப் பயிற்சிக்கான பிளாஸ்டிக் கருவியோடு அவர் கட்டிலுக்குப் போனேன். மூன்று பந்து இருக்குமே, அதுதான். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது? என் பேரன் வெளையாடற சாமானாட்டம் இருக்குது."

"ஊதக் கூடாது பெரியவரே. உள்ள இழுக்கணும். மூணு பந்தும் மேல போவணும்."

"மூணு பந்து மேல போனா இன்னா தருவீங்க?"

"நாலாம் நாள் வராந்தால நடக்க வெப்பேன்."

"அதுக்கு பந்து கீழயே இருந்துட்டு போவட்டும்" என்றார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அவர் மனைவி தனகோட்டி அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பேச்சுவாக்கில் தெருவை விசாரித்தார்கள். என் அப்பா பெயரைச் சொன்னதும் கச்சபேசன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கிவிட்டார். "அட, அவரு புள்ளையாப்பா நீ?" அந்த நிமிடத்திலிருந்து அவர் எனக்கு மாமா, தனகோட்டி அம்மாள் அத்தை. நான் அவர்களுக்குத் தம்பி. பந்தும் அதற்கப்புறம் ஒழுங்காக மேலே போயிற்று. மாமா கிண்டல் பேச்சுப் பேசினாலும் சொன்ன வேலையைச் செய்கிற மனிதர். ஒரு மணிக்கு ஒரு தடவை எண்ணி இழுத்தார்.

மூன்றாம் நாள் காயத்தில் ரத்தக் கசிவு கொஞ்சம் அதிகமாக இருந்தது. ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடும் ஊசியை எலும்பு டாக்டர் நிறுத்தி வைத்தார். அது சரியான முடிவு, இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அந்த ஊசி நின்றிருக்கும் நாட்களில் வயதானவரின் கால்களை யாராவது கூடுதலாகக் கவனிக்க வேண்டும். எங்கள் வார்டில் கவனித்தது சகுந்தலா ஒருத்திதான்.

சகுந்தலா வார்டு நர்ஸ். தென்னேரிக்காரி. விவசாயக் குடும்பம். இருபது வருடம் கூட வேலை செய்தோம். குரலை உயர்த்திப் பேச மாட்டாள், ஆனால் மனதில் பட்டதை விடவும் மாட்டாள். நாலாம் நாள் சாயங்காலம் என்னைத் தேடி வந்தாள்.

"சார், செத்த வந்து கச்சபேசன் காலப் பாருங்களேன்."

போனேன். போர்வையை விலக்கினாள். ஆபரேஷன் செய்த இடது கால் அல்ல, வலது கால்.

"காத்தால பாத்ததுக்கு இப்ப ஏறியிருக்குது சார். டேப் வெச்சி பாத்தேன். அந்தக் கால விட மூணு சென்டிமீட்டர் ஜாஸ்தி. டாக்டர்கிட்ட சொல்லி ஸ்கேன் கேக்கட்டுமா?"

நான் சிரித்தேன். ஏளனச் சிரிப்பு இல்லை என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால் ஏளனம்தான்.

"சகுந்தலா, இந்த ஊர் காலப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா? இது தறி வீக்கம்மா."

"அவரு இங்க படுத்துக்கினுதானே சார் இருக்காரு? அஞ்சு நாளா தறிப்பக்கமே போவலியே."

"அம்பது வருஷமா வீங்கின காலு அஞ்சு நாள்ல வடிஞ்சிடுமா?"

மாமாவும் என் பக்கம் சேர்ந்துகொண்டார். "ஆமாம்மா, இந்தக் காலு எப்பவும் இப்டிதான். இவளப் பொண்ணு பாக்கப் போனப்பவே வீங்கித்தான் இருந்துது. கேளு இவள." அத்தை, "அதெல்லாம் இப்ப எதுக்கு சொல்றது?" என்று வெட்கப்பட்டார். எல்லோரும் சிரித்தோம். தறிக்காரர்கள் மூன்று பேர் ஒரு பக்கம், தென்னேரிக்காரி ஒருத்தி ஒரு பக்கம். சகுந்தலா டேப்பைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டாள்.

என் பதிலைக் கொஞ்சம் பாருங்கள். கேட்பதற்கு எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது. ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. வீக்கம் வடியவில்லை என்று அவள் சொல்லவில்லை, காலையில் இருந்ததைவிட ஏறியிருக்கிறது என்றாள். தறி வீக்கம் என்பது படுத்தால் இறங்குவது. அதுதான் அதன் குணம். இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். என் அப்பாவின் கால் இரவில் வடிந்து காலையில் ஒல்லியாக இருப்பதைத் தினமும் பார்த்து வளர்ந்தவன் நான். தெரிந்ததை யோசித்துப் பார்க்கத்தான் அன்றைக்கு எனக்குப் பொறுமை இல்லை.

நான் நகரும்போது அத்தை கூப்பிட்டார்.

"காலு ரொம்ப கடுக்குதுன்றாரு தம்பி. வூட்லருந்து தைலம் எடுத்தாந்திருக்கறேன். தேச்சி வுடட்டுமா?"

"தேயுங்க அத்தை, இதமா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

ஐந்தாம் நாள் காலை எட்டரை மணி இருக்கும். கசிவினால் ஒரு நாள் தள்ளிப்போட்டிருந்தோம். அதுவரை கட்டில் ஓரத்தில் எழுந்து நின்றதோடு சரி, அன்றைக்குத்தான் முதன்முதலாக வராந்தாவில் நடை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு மாமா ஜோராக வந்தார். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்து, "பாத்தியா?" என்றுகூடச் சொன்னார். ஒன்பதாவதோ பத்தாவதோ அடியில் நின்றுவிட்டார்.

"இன்னா மாமா?"

"மூச்சு..." என்றார். "உள்ள போவ மாட்டேங்குதுப்பா."

முகம் வெளிறி, நெற்றியில் வேர்வை முத்து முத்தாக வந்துவிட்டது. படுத்தே இருந்தவர் எழுந்து நடந்ததில் தலைசுற்றல் வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். நிறையப் பேருக்கு வரும். கட்டிலுக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம். தலைசுற்றல் என்றால் படுத்ததும் தெளிய வேண்டும். இவருக்குத் தெளியவில்லை. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. சகுந்தலா விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் அளவு எண்பத்திரண்டு காட்டியது. முகமூடியை மாட்டி ஆக்சிஜனைத் திறந்துவிட்டாள்.

டியூட்டி டாக்டர் ஓடிவந்தார். நெஞ்சில் வைத்துக் கேட்டார். "லங்ஸ் கிளியரா இருக்கே" என்றார். இதயத் துடிப்பு ஓட்டமாக ஓடியது. ஹார்ட் அட்டாக்காக இருக்கலாம், இதய டாக்டரைக் கூப்பிடுங்கள் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எழுபது வயதுக்காரர், வேர்வை, மூச்சிரைப்பு என்றால் எவருக்கும் முதலில் அதுதான் தோன்றும். அத்தை சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். அவர்கள் மகன் முரளி அப்போதுதான் டிபன் கேரியரோடு உள்ளே வந்தான். "நைனா, நைனா" என்று கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

பக்கத்துத் தியேட்டரிலிருந்து மயக்க டாக்டர் அம்மா வந்தார். அவர் பெயரை எழுத மாட்டேன், எழுதினால் அவருக்குப் பிடிக்காது. இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. குள்ளமானவர். அவசரம் கூடக்கூட அவர் குரல் தணிந்துகொண்டே போகும். வந்தவர் எந்தக் கருவியையும் தொடவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்தார், கழுத்து நரம்பைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

"காத்து நல்லாப் போகுது. ஆனா ஆக்சிஜன் ஏறல. அப்போ ரத்தம் அங்க வந்து சேரலன்னு அர்த்தம்" என்றார். "நேத்துலேர்ந்து இவர்கிட்ட ஏதாவது மாறியிருக்கா? சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லுங்க."

சகுந்தலா தரையைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். என்னை முந்திக்கொண்டு சொல்ல அவள் மரியாதை விடவில்லை, எனக்காகக் காத்திருந்தாள். எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்கிறேன். மாமாவின் உயிர் முதலில் தோன்றவில்லை. மகன் நிற்கிறான், டியூட்டி டாக்டர் நிற்கிறார், இவர்கள் முன்னால் இருபத்தேழு வருடப் பேர் போய்விடும் என்பதுதான் தோன்றியது. கருவியில் எண்பத்திரண்டு எண்பதாகி, எழுபத்தொன்பது ஆனது. அதைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"நேத்து சாயங்காலம் வலது கால் வீங்கியிருந்துது டாக்டர். சகுந்தலா அளந்து பாத்துட்டு ஸ்கேன் கேக்கணும்னாங்க. தறி வீக்கம்னு சொல்லி நான்தான் நிறுத்தினேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"வலது தொடையில ஸ்கேன் வைங்க. இங்கயே. கொண்டுபோக வேண்டாம்" என்றார்.

ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தொடை நரம்பில் ரத்தம் கட்டியிருந்தது அப்பட்டமாகத் தெரிந்தது. நெஞ்சில் வைத்துப் பார்த்ததில் இதயத்தின் வலது பக்கம் திணறி உப்பியிருந்தது. கட்டியின் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போயிருக்கிறது என்பதில் அதற்கப்புறம் யாருக்கும் சந்தேகமில்லை.

அடுத்த சண்டை மருந்தைப் பற்றி. ரத்தக்கட்டு வளராமல் தடுக்கும் மருந்தை முழு அளவில் கொடுத்தால் ஐந்து நாள் காயம் திறந்துகொண்டு ரத்தம் கொட்டலாம் என்று எலும்பு டாக்டர் பயந்தார். நியாயமான பயம்தான். சென்னைக்கு அனுப்பிவிடலாமா என்றார்.

மயக்க டாக்டர் அம்மா இன்னும் தணிந்த குரலில் சொன்னார். "புண்ணுல ரத்தம் போனா ரத்தம் ஏத்திக்கலாம். இன்னொரு கட்டி போச்சுன்னா என்னத்த ஏத்தறது? மருந்த இங்க ஆரம்பிச்சிடுவோம். ரத்த அழுத்தம் இறங்காம நிக்குது. கட்டியைக் கரைக்கிற பெரிய மருந்து இப்போதைக்கு வேண்டாம். அழுத்தம் இறங்கினா அப்போ பேசிக்கலாம்."

மாமா நடையில் நின்றதற்கும் மருந்து ஏற ஆரம்பித்ததற்கும் நடுவில் நாற்பது நிமிடம்கூட இல்லை. அன்றைக்கு முழுக்க அழுத்தம் இறங்குமா நிற்குமா என்று எல்லோரும் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். நின்றது. காயத்தில் கசிவு வந்தது, ரத்தம் ஒரு யூனிட் ஏற்றினார்கள். மூன்று நாள் கழித்து ஆக்சிஜனைக் குறைத்தார்கள். மாமா பிழைத்துவிட்டார். பின்னால் வீட்டுக்குப் போய் மறுபடியும் நன்றாகவே இருந்தார். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், உங்களைத் தவிக்க விட எனக்கு விருப்பமில்லை. ஆனால் நான் எழுத வந்தது இன்னும் முடியவில்லை.

மாமாவுக்கு மூச்சு முட்டிய அன்று மதியம் மயக்க டாக்டர் அம்மா கை கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார். "நீங்க தப்பு பண்ணலைன்னு சொல்ல மாட்டேன். ஆனா கேட்டவுடனே சொன்னீங்க. அதுல ஒரு அரை மணி நேரம் மிச்சம்."

கேட்டவுடனே சொல்லவில்லை என்பது எனக்குத்தான் தெரியும். இருந்தாலும் அந்த வார்த்தையை வாங்கிப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டேன். நேர்மையான மனிதன் என்று எனக்கு நானே ஒரு சான்றிதழ் எழுதிக்கொண்டேன். தைலம் தேய்க்கச் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. சொல்லாவிட்டால் சிகிச்சை எதுவும் மாறப்போவதில்லை. இப்படியெல்லாம் ஒரு மனிதன் தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்ள முடியும் என்பதை ஐம்பத்து நாலு வயதில் கண்டுபிடித்தேன்.

ஆக்சிஜன் குறைத்த அன்று பார்வையாளர் நேரத்தில் நான் வார்டுக்குள் வந்தேன். முரளியின் குரல் வாசல் வரை கேட்டது. கட்டில் பக்கத்து மேசையில் இருந்த தைல பாட்டிலை டியூட்டி டாக்டர் பார்த்திருக்கிறார். காலைத் தேய்த்தீர்களா என்று விசாரித்து, இந்த மாதிரிக் காலைத் தேய்க்கவே கூடாது, கட்டி கிளம்பிவிடும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் சொன்னது சரிதான்.

"உன்ன யாரும்மா தேய்க்கச் சொன்னாங்க?" முரளி கையில் பாட்டிலை வைத்துக்கொண்டு நின்றான். "ஆஸ்பத்திரியில இவ்ளோ பேரு இருக்காங்க, ஒருத்தரக் கேட்டிருக்கக் கூடாது? நைனாவ நீயே கொன்னிருப்ப."

"தெரியாம செஞ்சிட்டேன்பா" என்றார் அத்தை.

"தெரியாம, தெரியாம! எல்லாத்துக்கும் இதே பேச்சு."

மாமா கண்ணை மூடிப் படுத்திருந்தார். அத்தை முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வாங்கிக்கொண்டிருந்தார். நான் மூன்று கட்டில் தள்ளி நின்றேன். அத்தை என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நானும் திரும்பி என் அறைக்குப் போய்விட்டேன்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. மூன்று நாள் முன்பு உயிர் போகிற நெருக்கடியில் உண்மையைச் சொல்ல முடிந்தவன், இந்த அமைதியான சாயங்காலத்தில் சொல்ல முடியாமல் கதவைச் சாத்திக்கொண்டேன். அங்கே எண் இறங்குவதைக் காட்ட ஒரு கருவி இருந்தது. அந்த அம்மாளுக்கு அப்படி எதுவும் மாட்டியிருக்கவில்லை. அன்றைக்கு வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. என் மனைவி, "எந்தக் கட்டில்ல என்ன ஆச்சு?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக மயக்க டாக்டர் அம்மாவிடம் போய்த் தைலம் விஷயத்தைச் சொன்னேன். "தேச்சதால கிளம்புச்சா, நீங்க நடக்க வெச்சதால கிளம்புச்சா, அதுவா கிளம்புச்சா, யாராலயும் சொல்ல முடியாது" என்றார். "ஆனா இத என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அந்தம்மாகிட்ட போங்க." பிறகு, அன்றைக்கு மாமாவைக் கட்டில் ஓரத்தில் எழுப்பி நிற்க வைக்கலாம் என்று கேஸ் தாளில் எழுதி என் கையில் கொடுத்தார்.

போனேன். முரளி இருந்தான். நல்லதாயிற்று. சகுந்தலா மருந்து வண்டியோடு பக்கத்தில் நின்றாள். மாமா சாய்ந்து உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். வாக்கரைக் கட்டிலோரம் வைத்துவிட்டு, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் நின்று சொன்னேன்.

"முரளி, உங்கம்மா கேக்காம தேய்க்கல. என்னக் கேட்டாங்க. நான்தான் தேயுங்கன்னு சொன்னேன்."

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது.

"நீங்களா? அப்ப இத்தினி நாளா இன்னா சார் பண்ணிக்கினு இருந்தீங்க? நேத்து நான் இவங்கள அந்தக் கத்து கத்தினேன். நீங்க அங்கதான நின்னுக்கினு இருந்தீங்க?"

"ஆமா. நின்னேன். சொல்லல."

அவன் இன்னும் என்னென்னவோ சொன்னான். எல்லாமே எனக்குச் சேர வேண்டியதுதான். நடுவில் சட்டென்று அம்மாவின் பக்கம் திரும்பினான்.

"உனக்காவது வாயி இல்ல? இவருதான் சொன்னாருன்னு நேத்தே சொல்றதுக்கு இன்னா?"

அத்தை மாமாவின் கையிலிருந்து காபி டம்ளரை வாங்கி மேசையில் வைத்தார். நிதானமாக முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லியிருந்தா நீ ஆபீசுல போய்ச் சண்ட போடுவ. இவர வேலையவுட்டு அனுப்பிடுவாங்க. அப்பால உங்க நைனாவ யாருடா நடக்க வெக்கிறது?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க முடியவில்லை. மன்னித்துவிடுங்கள் அத்தை என்று சொல்ல நினைத்து, அதற்குப் பதில் குனிந்து வாக்கரை எடுத்தேன். மாமாவின் தோளுக்குக் கீழே கைகொடுக்கப் போனேன்.

"இரு தம்பி" என்றார் அத்தை. மாமாவின் காலடியில் இருந்த போர்வையைத் தானே மேலே சுருட்டிவிட்டார். "மொதல்ல ரெண்டு காலையும் நல்லாப் பாரு. அப்பால எழுப்பு."

சகுந்தலா டேப்பை நீட்டினாள். வாங்கி, குனிந்து, இரண்டு காலையும் அளந்தேன்.